ஒரே வாய், இரண்டு எடை: பேக்கரும் செலூவும் சுட்ட 4 போர் (bore) துப்பாக்கிகள்

1871 செப்டம்பரில் ஃபிரெடெரிக் செலூ என்ற 19 வயது ஆங்கிலேய இளைஞர் தென்னாப்பிரிக்காவின் அல்கோவா விரிகுடாவில் கப்பலைவிட்டு இறங்கினார். யானை வேட்டையாடிப் பிழைப்பது, அவ்வளவுதான் திட்டம். கூடக் கொண்டுவந்த நல்ல இரட்டைக்குழல் ரைஃபிள், வைரம் தோண்டுகிற ஊர்ப்பக்கம் போனபோது களவு போய்விட்டது. அதற்குப் பதிலாக அவர் கையில் வந்து சேர்ந்தவை பர்மிங்காமில் ஹாலிஸ் என்ற பட்டறை செய்த இரண்டு மலிவான வாத்துத் துப்பாக்கிகள். ஒற்றைக் குழல், உள்ளே வரிப்பள்ளம் கிடையாது, வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம். அளவு 4 போர். எடை பன்னிரண்டரை ராத்தல், அதாவது 5.7 கிலோ.

போர் கணக்கு தெரியாதவர்களுக்கு: குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்துகிற ஈய உருண்டைகளில் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் வருமோ அந்த எண்தான் போர். 12 போர் என்றால் பன்னிரண்டு உருண்டை. 4 போர் என்றால் நாலே நாலு. ஒரு குண்டு 113 கிராம். உள்ளங்கையில் வைத்தால் பெரிய நெல்லிக்காய் மாதிரி இருக்கும், ஆனால் ஈயம். இதைத்தான் ஒரு முறை சுட்டால் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும், அதே உந்தம் இந்தப் பக்கம் தோளுக்கு வரும்.

இதற்கு முப்பது வருஷம் முன்னால் இன்னொரு ஆங்கிலேயர், சாமுவேல் பேக்கர், இதே 4 போர் அளவில் ஒரு ரைஃபிள் செய்யச் சொல்லி வாங்கினார். பிரிஸ்டல் நகரத்தில் கிப்ஸ் என்ற துப்பாக்கிக்காரர் 1840ல் செய்துகொடுத்தது. பேக்கர் பின்னால் இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி எட்டு வருஷம் போல இருந்தார், அங்கே யானை சுட இதையும் எடுத்தார். மூன்று அவுன்ஸ் உருண்டை அல்லது நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டு, 16 டிராம் கருமருந்து (அந்தக் கால டிராம், இன்றைய கணக்கில் மொத்தம் 28 கிராம்). துப்பாக்கியின் எடை 21 ராத்தல். ஒன்பதரை கிலோ!

ஒரே வாய், கிட்டத்தட்ட ஒரே குண்டு, ஒன்று 9.5 கிலோ, இன்னொன்று 5.7 கிலோ. பெரிய கேலிபர் (குழல் வாயின் அளவு) துப்பாக்கிக்குச் சரியான எடை எது என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான ஒப்பீடு எனக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் இந்தப் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு இப்படி வேட்டைக்குக் கிளம்புகிற பேச்சே கிடையாது. நான் பார்ப்பது துப்பாக்கியையும் அதைத் தூக்குகிற ஆளையும் மட்டும்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர்களிடம் எடைக்கு ஒரு கைக்கணக்கு இருந்தது. கிரீனர் என்ற பெயரோடு வழங்குவது: சுடுகிற ஈயத்தின் எடையைப் போல 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும், குறைந்தால் தோள் தாங்காது. பறவை சுடுகிற சாதாரணத் துப்பாக்கிக்குச் சொன்னது இது, ஆனாலும் கருமருந்து வேகத்தில் இந்த இரண்டு துப்பாக்கிக்கும் ஓரளவு பொருந்தும். போட்டுப் பாருங்கள். பேக்கரின் மூன்று அவுன்ஸ் உருண்டைக்கு 8.2 கிலோ வேண்டும், நான்கு அவுன்ஸ் குண்டுக்கு 10.9 கிலோ வேண்டும். அவருடைய 9.5 கிலோ சரியாக நடுவில் உட்கார்கிறது. செலூவின் துப்பாக்கி? 113 கிராமுக்கு 5.7 கிலோ, வெறும் 50 மடங்கு. பாதிதான் இருக்கிறது.

உதையை, அதாவது சுட்டதும் துப்பாக்கி தோளைப் பின்னால் தள்ளுவதை, எண்ணில் பார்க்கலாம். குண்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொண்டு, மருந்துப் புகையும் சேர்த்து நான் போட்ட தோராயக் கணக்கில் பேக்கரின் துப்பாக்கி 200 ஜூல் அளவுக்கு உதைக்கிறது. அதே மருந்தையும் குண்டையும் செலூவின் துப்பாக்கியில் போட்டால் 340 ஜூல். என் வேக ஊகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விகிதம் மாறாது: உந்தம் ஒன்றாக இருந்தால் உதையின் ஆற்றல் எடைக்கு நேர் எதிராகப் போகும், ஆகவே லேசான துப்பாக்கியில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். இதில் துப்பாக்கி பின்னால் வருகிற வேகம் இன்னும் மோசம், வினாடிக்கு 11 மீட்டரை ஒட்டி வரும். நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய .303 ரைஃபிள் இருக்கிறதே, நாலு கிலோ, அதன் உதை 16 ஜூல்தான். அதைச் சுட்டுவிட்டே தோள் வலிக்கிறது என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

இதிலும் ஒரு சிக்கல், செலூ மருந்தை அளந்தே போடவில்லை. இடுப்புப் பக்கம் தோல்பை, அதில் உதிரி மருந்து, ஓடிக்கொண்டே கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குழலுக்குள் போடுவது. பிடிக்குப் பிடி வித்தியாசப்படும், பதற்றத்தில் பிடி பெரிதாகத்தான் விழும்.

சரி, அப்படியென்றால் பேக்கர் புத்திசாலி, செலூ ஏமாந்தவர் என்று முடித்துவிடலாமா? முடியாது. இங்கேதான் சமாச்சாரமே இருக்கிறது. பேக்கரின் ஒன்பதரை கிலோவைப் பேக்கர் சுமக்கவில்லை. பின்னால் ஆட்கள் சுமந்துகொண்டு வந்தார்கள், யானை தெரிந்ததும் கையை நீட்டினால் துப்பாக்கி கைக்கு வரும், சுட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். துப்பாக்கியின் எடை அவருக்குச் சுடுகிற அந்தச் சில வினாடிக்கு மட்டும்தான் எடை, அந்தச் சில வினாடிக்கு அது நல்ல எடை.

செலூவின் நிலைமை வேறு. 1872ல் இன்றைய ஜிம்பாப்வே பக்கத்து மடபெலே அரசர் லோபெங்குலாவிடம் போய் யானை வேட்டைக்கு அனுமதி கேட்டபோது, நீ சின்னப் பையன், யானைக்கா வந்தாய் என்று அரசர் சிரித்தாராம். சிரித்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். யானைகள் ஒதுங்கியிருந்த பகுதி செட்சி ஈ உள்ள காடு, குதிரை போனால் செத்துப்போகும். ஆகவே நடைதான், யானை ஓடினால் கூடவே ஓட்டம்தான். இப்படி மூன்று பருவத்தில் 78 யானை சுட்டார். இரண்டு துப்பாக்கியில் ஒன்று உதவிக்கு வந்தவர் கையில், மற்றது இவர் கையில். பத்துக் குண்டு எடுத்துக்கொண்டாலே ஒரு கிலோவுக்கு மேல் ஈயம், அதோடு மருந்துப் பை. ஒன்பதரை கிலோ துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வெயிலில் யானைக்குப் பின்னால் ஓடியிருந்தால் 78 அல்ல, எட்டுகூட வந்திருக்காது என்பது என் எண்ணம். ஐந்தே முக்கால் கிலோவாக இருந்ததால்தான் யானையைப் பிடிக்க முடிந்தது. பிடித்த இடத்தில் அதே ஐந்தே முக்கால் கிலோதான் அவரைத் தூக்கிப் போட்டது.

தூக்கிப் போட்டது என்று சும்மா அணிக்காகச் சொல்லவில்லை. ஒரு முறை யானையைக் குறிபார்த்து விசையை இழுத்தார், மருந்தைப் பற்றவைக்கிற சின்ன வெடித்தொப்பி மட்டும் வெடித்தது, உள்ளே மருந்து பற்றவில்லை. துப்பாக்கியைப் பின்னால் நீட்டினார். வாங்கியவர் அது சுட்டு முடித்த துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டு, ஏற்கனவே உள்ளே கிடந்த மருந்துக்கும் குண்டுக்கும் மேலேயே இன்னொரு முழுப் பிடி மருந்தையும் இன்னொரு குண்டையும் போட்டுக் கெட்டித்துக் கொடுத்துவிட்டார். செலூவுக்குத் தெரியாது. அடுத்த முறை விசையை இழுத்தபோது இரண்டும் சேர்ந்து போயின. மனிதர் தரையைவிட்டு எழும்பிக் காற்றில் சுழன்று மணலில் முகங்குப்புற விழுந்தார், துப்பாக்கி தோளுக்கு மேலே பறந்து பின்னால் எங்கேயோ போய்க் கிடந்தது. முகமெல்லாம் ரத்தம், வலது கையைத் தூக்க முடியவில்லை. கணக்கில் பார்த்தால் ஆச்சரியமில்லை. உந்தம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு, 340 ஜூல் உதைக்கிற துப்பாக்கியில் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குழல் வெடிக்காமல் போனதுதான் ஹாலிஸ் பட்டறைக்கு நான் கொடுக்கிற ஒரே பாராட்டு.

ஆனால் உண்மையான சேதாரம் அந்த ஒரு நாளில் ஆகவில்லை. சாதாரண மருந்தில், சாதாரண நாட்களில் வாங்கிய உதையே தன் நரம்பைக் கெடுத்துவிட்டது, பிறகு ஆயுள் முழுக்கத் தன் குறியை அது பாதித்தது, இந்தத் துப்பாக்கிகளைத் தொட்டதற்கே வருந்துகிறேன் என்று அவரே பின்னால் எழுதிவைத்தார். துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வியாதி. விசையை இழுப்பதற்குக் கால் வினாடி முன்னாலேயே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் சுருங்கும், குழல் கீழே இறங்கும். அறிவு வேண்டாம் என்று சொன்னாலும் உடம்பு கேட்காது. தோள் காயம் பத்து நாளில் ஆறிவிடும், இது ஆறாது. ஒரு வெடிக்கு எவ்வளவு உதை தாங்குவாய் என்று ஆளைக் கேட்டு எடையை முடிவு செய்வது தப்பு என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம், ஏனென்றால் ஒரு வெடியை யார் வேண்டுமானாலும் தாங்குவார்கள். ஐம்பதாவது வெடிக்குப் பிறகு கண் திறந்திருக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

அப்போது செலூ என்ன செய்திருக்க வேண்டும்? துப்பாக்கியின் எடையை ஏற்றியிருக்கக் கூடாது, அது நடந்து ஓடுகிற ஆளுக்கு ஆகாது என்று பார்த்தோம். அவர் தூக்க முடிந்த எடை 5.7 கிலோ. அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு 96 மடங்குக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால் குண்டு 59 கிராம் வருகிறது. 8 போர் உருண்டை 57 கிராம். அதாவது அவர் கையிலிருந்தது ஒரு 8 போர் துப்பாக்கியின் எடை, அதில் யாரோ 4 போர் ஓட்டை போட்டுவிட்டார்கள். வாத்துக்கு உதிரிச் சன்னம் போட்டுச் சுடச் செய்த துப்பாக்கி, நாலு அவுன்ஸ் ஒற்றை ஈயத்துக்கும் ஒரு பிடி மருந்துக்கும் செய்ததல்ல. கேலிபரை முதலில் பிடித்துக்கொண்டு பிறகு எடையைத் தேடுவதைவிட, நாள் முழுக்கத் தூக்க முடிகிற எடையை முதலில் முடிவு செய்துவிட்டு அது தாங்குகிற கேலிபருக்கு இறங்கி வருவதுதான் வரிசை. நான் பார்த்தவரை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

பேக்கரும் ஒரு தடவை இந்தத் தப்பைச் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். நைல் நதிப் பக்கம் போனபோது அரை ராத்தல் வெடிகுண்டு சுடுகிற ஒரு ராட்சதத் துப்பாக்கி கொண்டுபோனார், செல்லப் பெயர் ‘பேபி’, கூட வந்த அரபுக்காரர்கள் வைத்த பெயர் பீரங்கிக் குழந்தை. அதன் எடையும் ஏறத்தாழ 20 ராத்தல்தான், 96 மடங்கு பார்த்தால் 21 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். சுட்டால் புயலில் மாட்டிய காற்றுத்திசைகாட்டி மாதிரித் தன்னைச் சுற்றிவிட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். சுமக்க ஆள் இருந்தாலும் எடை போதாவிட்டால் போதாதுதான்.

இனி இன்றைய துப்பாக்கிக்கு வருவோம். 96 மடங்கு இங்கே வேலை செய்யாது. உதாரணமாக 1911ல் ரிக்பி என்ற லண்டன் கம்பெனி கொண்டுவந்த .416 (குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்), ஆப்பிரிக்காவின் கேப் எருமைக்கு இன்றைக்கும் பலர் எடுக்கிறது. குண்டு 26 கிராம். 96 மடங்கு என்றால் இரண்டரை கிலோ ரைஃபிள்! சுட்டால் தோள்பட்டை கழன்றுவிடும். ஏனென்றால் குண்டு வினாடிக்கு 730 மீட்டரில் போகிறது, அதோடு ஆறரை கிராம் மருந்து வாயுவாகி அதைவிட வேகமாக வெளியேறுகிறது. மொத்த உந்தத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குண்டும், கால் பங்குக்கு மேல் வாயுவும் கொடுக்கின்றன. இந்த வாயுவைக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதே கணக்கைப் பல எடைக்குப் போட்டுப் பார்த்தேன். 3.6 கிலோ ரைஃபிளில் உதை 100 ஜூல். 4.5 கிலோவில் 80. 5.4 கிலோவில் 67. 6.3 கிலோவில் 57. ஒவ்வொரு முறையும் ஏற்றியது அதே 900 கிராம்தான், ஆனால் முதல் 900 கிராம் 20 ஜூல் குறைத்தது, அடுத்தது 13, அதற்கடுத்தது 10தான். சுமக்கிற பக்கம் இந்தத் தள்ளுபடி கிடையாது. மூன்றாவது 900 கிராமும் முதல் 900 கிராம் கனத்தைத்தான் கனக்கும், பதினைந்து கிலோமீட்டர் எருமைத் தடம் பிடித்து நடந்த பிறகு அதைவிட அதிகமாகவே கனக்கும். ஆகவே .416க்கு நான்கரையிலிருந்து ஐந்துக்குள் நிறுத்திக்கொள்வேன். ஒரு படி கீழே, .375 ஹாலண்டுக்கு நாலு கிலோவைக் கொஞ்சம் தாண்டினாலே போதும், 54 ஜூல்தான் வரும். அதைவிடப் பெரிய .458 லாட் நாலரை கிலோவிலேயே 95 ஜூலுக்குப் போய்விடுகிறது, அதை ஐந்துக்கு ஏற்றாமல் எடுக்க மாட்டேன், ஐந்தைத் தூக்க முடியாதவர் .375க்கு இறங்குவது உத்தமம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்குச் சட்டம் கேட்கிற கீழ்வரம்பே .375தான்.

இதில் எந்த எடை என்று ஒரு கேள்வி இருக்கிறது. கேட்டலாக்கில் அச்சடித்திருப்பது வெறும் ரைஃபிளின் எடை. 4.3 கிலோ என்று போட்டிருக்கும். ஸ்கோப்பும் (குறிபார்க்கிற தொலைநோக்கி) அதன் வளையங்களும் அரை கிலோ. .416 தோட்டா ஒன்று 50 கிராமுக்கு மேல், உள்ளே நாலு போட்டால் 200 கிராம். தோல் வார் நூறு, நூற்றைம்பது. ஐந்தைத் தாண்டிவிட்டது! வீட்டில் அரிசி எடை போடுகிற தராசு இருந்தால் போதும், காட்டுக்குள் எப்படித் தூக்குவோமோ அப்படியே எல்லாம் மாட்டி எடை போட வேண்டும். நான் மேலே சொன்ன எண்ணெல்லாம் இந்த எடைக்குத்தான்.

எடை எங்கே இருக்கிறது என்பதும் ஒரு விஷயம். உதை அதிகமாக இருக்கிறது என்று பின்கட்டைக்குள் துளை போட்டு ஈயம் வைப்பார்கள், அல்லது பாதரசக் குழாய் விற்கிறார்கள், அதைச் சொருகுவார்கள். உதை குறையும், உண்மைதான், ஆனால் மொத்தக் கனமும் பின்னால் போய்விட்டதால் முன்குழல் இறகு மாதிரி ஆடும், மூச்சு வாங்குகிறபோது குறி நிற்காது. குழல் பக்கம் கனத்தை ஏற்றினால் எதிர்ப்பக்கம் சிக்கல், நின்று சுட்டால் பாறை மாதிரி நிற்கும், ஆனால் பக்கவாட்டில் பாய்ந்து வருகிற எருமையின் பக்கம் திருப்ப நேரமாகும். இரண்டு கைக்கும் நடுவில் கனம் இருக்க வேண்டும், அது ரைஃபிளைச் செய்கிறபோதே வர வேண்டியது, பின்னால் ஒட்டுப்போட்டு வராது.

குழல் நுனியில் மசில் பிரேக் மாட்டினால் எடை ஏறாமலே உதை நன்றாகக் குறையும். பிறகு ஏன் இவ்வளவு கணக்கு என்று கேட்கலாம். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை, பக்கவாட்டில் தடம் பார்க்கிறவர் நிற்கிறார், தொழில்முறை வேட்டைக்காரர் நிற்கிறார், அவர்கள் காதைக் கெடுத்துத் தன் தோளைக் காப்பாற்றிக்கொள்கிற ஏற்பாடு அது. எனக்குப் பிடிக்காது. நல்ல ரப்பர் பட்டை, தோளுக்கும் கன்னத்துக்கும் ஒத்துப்போகிற கட்டை, இவை இரண்டும் ஒரு ஜூல்கூடக் குறைக்காது, ஆனால் வருகிற ஜூலை அகலமாகப் பரப்பிக் கொஞ்சம் நிதானமாகக் கொடுக்கும். ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தவர்களைப் புருவத் தழும்பை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பெல் பெயரை எடுப்பார். டபிள்யூ.டி.எம். பெல், ஸ்காட்லாந்துக்காரர், ஆயிரத்துக்கும் மேலே யானை சுட்டவர், அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் சின்ன ரைஃபிளில். லேசான துப்பாக்கி, லேசான உதை, மூளைக்குக் குறி. எடைப் பிரச்சினையே அவருக்கு வரவில்லை, ஏனென்றால் கேலிபரை அவ்வளவு கீழே இறக்கிவிட்டார். வேட்டை விஷயத்தில் அவரைப் பின்பற்றச் சட்டமும் விடாது, யானை மண்டையின் உள்ளமைப்பு அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் வரிசை அவரிடமும் அதேதான்: முதலில் நாள் முழுக்கத் தூக்க முடிகிற துப்பாக்கி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டு, ஸ்கோப், வார் எல்லாம் மாட்டி, தோட்டா எடைக்கு ஈடாகப் பையில் ஏதாவது போட்டுக்கொண்டு, சொந்த நிலத்திலோ சுடும் தளத்தின் வளாகத்திலோ இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். வாரில் தொங்கவிட்டு நடப்பது கணக்கில் சேராது, அடர்ந்த புதரில் ரைஃபிள் கையில்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் முடிந்த கையோடு, உட்காராமல், பத்து முறை தோளுக்கு ஏற்றி ஒரு குறியில் மூன்று வினாடி நிறுத்திப் பாருங்கள். ஏழாவது எட்டாவது முறையில் குழல் நுனி வட்டம் போட ஆரம்பித்தால் அரை கிலோ அதிகம், அந்த அரை கிலோவுக்குத் தகுந்தபடி கேலிபரும் ஒரு படி இறங்க வேண்டும்.

செலூ பிற்பாடு 4 போரை விட்டுவிட்டார். முதலில் 10 போருக்கு இறங்கி, அப்புறம் .450 அளவில் ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு வந்து சேர்ந்தார், பல வருஷம் அதுதான் அவர் கையில் இருந்தது. செய்துகொடுத்தது பிரிஸ்டல் கிப்ஸ், பேக்கருக்கு 21 ராத்தலில் செய்துகொடுத்த அதே கடை.